குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு: முதல் இரண்டு ஆண்டுகளுக்கான முழு வழிகாட்டி

"குழந்தையைப் பெட்டியில் வச்சிருக்காங்க" என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நாட்களில், டிஸ்சார்ஜ் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தோம். அது கிடைத்த அன்று ராத்திரி, பீப் பீப் என்று அடிக்கிற மானிட்டரும் இல்லை, கூப்பிட்டால் ஓடி வரும் சிஸ்டரும் இல்லை, மடியில் 1,750 கிராம் குழந்தை மட்டும்தான் என்பது உறைத்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மகள் 30 வாரத்தில், மார்ச் 1 அன்று, 1,300 கிராமில் பிறந்தாள். ஏப்ரல் 5 அன்று வீட்டுக்கு வந்தாள். டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி மே 10. இந்த மூன்று தேதிகளையும் கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் தேதிகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு இங்கே சொல்வது அநேகமாக எல்லாமே பொருந்தும். 35, 36 வாரத்தில் பிறந்தவர்கள் பால், உடம்புச் சூடு, மூச்சு பற்றிய பகுதிகளைக் கட்டாயம் படியுங்கள். "எட்டாம் மாசக் குழந்தை தங்காது" என்று யாராவது ஆரம்பித்தால் காதிலேயே வாங்காதீர்கள். எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிட நுரையீரலும் மூளையும் கூடுதலாகவே முதிர்ந்திருக்கும்.

முதல் வேலை: இரண்டு வயதையும் எழுதி ஒட்டுங்கள்

குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது உண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று. பிரசவத் தேதியிலிருந்து எண்ணுவது இன்னொன்று. இதைத் திருத்திய வயது என்பார்கள். என் மகள் பத்து வாரம் முன்னால் வந்தவள். அதனால் செப்டம்பர் 1 அன்று அவளுக்கு ஆறு மாதம், ஆனால் திருத்திய வயதில் நாலு மாதம்கூட ஆகவில்லை.

எதற்கு எந்த வயது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. தடுப்பூசிக்கும் கண் பரிசோதனைக்கும் காதுக்கும் பிறந்த தேதிதான் கணக்கு. எடை, உயரம், தலைச் சுற்றளவு, தலை நிற்பது, உட்காருவது, திட உணவு எல்லாவற்றுக்கும் திருத்திய வயது. இதை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் அடி. தடுப்பூசியைத் தள்ளிப் போட்டுக் குழந்தையைக் காப்பில்லாமல் விடுவோம். இன்னொரு பக்கம், சரியாக வளர்கிற குழந்தையைப் பார்த்து "இன்னும் குப்புற விழலையே" என்று அழுதுகொண்டிருப்போம்.

ஒரு தாளில் இரண்டு தேதிகளையும் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பாட்டிமாருக்கும் சேர்த்துத்தான்.

டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் அங்கேயே நின்று படியுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, கிளம்பும்போது எடை, தலைச் சுற்றளவு, எத்தனை நாள் ஆக்சிஜன், ரத்தம் ஏற்றினார்களா, தலை ஸ்கேனில் என்ன தெரிந்தது, என்னென்ன ஊசி போட்டாச்சு: இவை இருக்க வேண்டும். தைராய்டு பரிசோதனை பற்றித் தனியாகக் கேளுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் சில வாரம் கழித்துத்தான் குறைபாடு தெரியலாம்; அதனால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

மிக முக்கியமான கேள்வி: அடுத்த கண் பரிசோதனை எந்தத் தேதி, எங்கே? வாய்வழியாகச் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.

பிறகு சொட்டு மருந்துகள். வைட்டமின் டி சொட்டு மருந்தில் ஒரு கம்பெனி பாட்டிலில் 1 மில்லியில் 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் 800 இருக்கும். கடையில் பிராண்டை மாற்றிக் கொடுத்துவிட்டால், அதே அளவு ஊற்றினாலும் மருந்து இரட்டிப்பாகிவிடும். அதனால் எத்தனை மில்லி என்பதோடு எத்தனை யூனிட் என்றும் எழுதச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக்கும் இதே கதைதான். குழந்தைக்கு வேண்டிய இரும்பில் பெரும்பகுதி தாயிடமிருந்து கடைசி மூன்று மாதத்தில்தான் போய்ச் சேருகிறது. நம் குழந்தைகள் அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். அதனால் ஒரு வயது வரை இரும்புச் சொட்டு தேவைப்படும். எடை கூடக் கூட அளவும் மாறும். ஒவ்வொரு முறை போகும்போதும் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் வேலை.

கண்: ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாதது

இந்தப் பகுதி நீளமாக இருக்கும். இதை மட்டும் படித்தாலும் போதும் என்று நினைக்கிறேன்.

கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வளரும். அந்த வளர்ச்சி முடிவது ஏறக்குறைய பிரசவத் தேதி வாக்கில்தான். முன்னாலேயே பிறந்த குழந்தைக்கு அந்தக் குழாய்கள் வெளி உலகில், ஆக்சிஜனுக்கு நடுவில் வளர வேண்டியிருக்கிறது. சில குழந்தைகளுக்கு அது தாறுமாறாகக் கொடி ஓடுகிற மாதிரி வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். ஆர்.ஓ.பி. என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று அழகாக இருக்கும். கண்மணி வெள்ளையாகத் தெரிகிற கட்டத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இந்தியாவில் பின்பற்றும் கணக்கு இது: 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே. 34 முதல் 36 வாரக் குழந்தைக்கும் ஆக்சிஜன் வைத்திருந்தாலோ, கடும் தொற்று வந்திருந்தாலோ பார்க்கச் சொல்வார்கள்.

"என்.ஐ.சி.யூ.விலேயே (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) கண் பார்த்தாச்சே" என்று நிறையப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். முதல் பரிசோதனை ஒரு ஆரம்பம்தான். ரத்தக் குழாய்கள் விளிம்பு வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்று கண் டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை, ஒன்று முதல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டே இருக்க வேண்டும். என் மகளுக்கு மார்ச் 29-ல் மருத்துவமனையிலேயே பார்த்தார்கள். அடுத்தது ஏப்ரல் 12. வீட்டுக்கு வந்து ஒரே வாரம், வெயில் வேறு. "இத்துணூண்டு பிள்ளையை எங்கே தூக்கிக்கிட்டு அலையுறது, அடுத்த மாசம் போகலாம்" என்று வீட்டில் பேச்சு வந்தது. போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். நோய் அந்த வேகத்தில் ஓடும்போது அடுத்த மாசம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

பரிசோதனை அன்று: கண்மணி விரிய மருந்து விடுவார்கள், ஒரு மணி நேரம் பிடிக்கும். பரிசோதனைக்குச் சற்று முன் வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள், அழுதால் கக்கிப் புரையேறும். குழந்தை வீறிட்டு அழும், பார்க்கச் சகிக்காது. சில நிமிடத்தில் முடிந்துவிடும். சிகிச்சையாகக் கண்ணில் ஊசி மருந்து போட்டிருந்தால் நோய் தாமதமாகத் திரும்பி வரக்கூடும் என்பதால், லேசருக்குப் பின் பார்ப்பதைவிடக் கூடுதல் மாதங்கள் பார்ப்பார்கள்.

சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, மதுரையிலும் கோவையிலும் அரவிந்த் போன்ற இடங்களில் இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கண் டாக்டரும் இதைப் பார்ப்பதில்லை. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

முதல் வாரங்கள்: சூடும் பாலும் எடையும்

சூடு முதலில். தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத குழந்தை ஒரு ஃபேன் காற்றிலேயே குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் பாலில் கிடைக்கிற சத்தெல்லாம் சூட்டைக் காக்கவே செலவாகி, எடை ஏறாது. பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. பாதம் சில்லிட்டு வயிறு மட்டும் சூடாக இருந்தால் குளிர ஆரம்பித்திருக்கிறது. இரண்டுமே சில்லிட்டிருந்தால் ஆபத்து. தெர்மாமீட்டரில் அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும்.

சூட்டுக்கு நல்ல வழி கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978 வாக்கில், இங்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தது. டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு, நெஞ்சோடு நெஞ்சாக, தலை ஒரு பக்கம் திரும்பி லேசாக நிமிர்ந்திருக்க, மேலே துணியால் கட்டிக்கொள்வது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையில் நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை என்கிறது. வீட்டில் அம்மா ஒருத்தியால் அது முடியாது. அப்பா, பாட்டி, சித்தி யார் வேண்டுமானாலும் செய்யலாம், உடம்பில் தொற்று எதுவும் இல்லாமல் இருந்தால் சரி. என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தபடியே மூன்று மணி நேரம் ஓட்டுவார். ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வந்ததும் குழந்தையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும். அப்போது நிறுத்தலாம்.

பால். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றுசேரச் செய்யும் திறன் 34 வார வாக்கில்தான் வரும். வந்த பிறகும் சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடும். பசித்தால் அழும் என்று காத்திருக்காதீர்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிக் கொடுங்கள். இரவிலும்தான். நேரடியாகக் குடித்துப் போதாத பாலைப் பீய்ச்சிச் சங்கில் கொடுக்கலாம். குழந்தையைப் பாதி நிமிர்த்தி, சங்கின் மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் வைத்து, அது சப்பிச் சப்பிக் குடிக்க விடுங்கள். வாயில் சாய்த்து ஊற்றினால் புரையேறும். பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரமும் ஃப்ரிட்ஜில் ஒரு நாளும் தாங்கும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து மிதமான சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. தாய்ப்பாலில் கலக்கப் பவுடர் எழுதியிருந்தால் அதை நிறுத்துவதும் தொடர்வதும் டாக்டர் முடிவு.

எடை வாரத்துக்கு ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல். தினம் 20 முதல் 30 கிராம் வீதம் ஏறினால் நன்றாக இருக்கிறது. தினமும் நிறுத்துப் பார்த்து ஐந்து கிராமுக்காகத் தூக்கம் கெடுத்துக்கொண்டது நான் செய்த முட்டாள்தனம். தலைச் சுற்றளவை டாக்டரிடம் அளக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடினால், முக்கியமாகத் தலை ஸ்கேனில் ரத்தக் கசிவு இருந்த குழந்தைக்கு, உடனே பார்க்க வேண்டும்.

பாட்டி வைத்தியம்: எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்

என் மாமியாரோடு சண்டை போடாமல் தீர்த்துக்கொண்ட விஷயம் இது. "கூடாது" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். காரணம் சொன்னால் கேட்பார்கள்.

தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவது நல்லது. டாக்டர் சரி என்ற பிறகு, கதகதப்பான அறையில், அழுத்தம் இல்லாமல். அந்தப் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்தோம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது வேண்டாம், மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். வெண்டிலேட்டரில் இருந்த நுரையீரலுக்கு ஊதுவத்தி, கொசுவத்தி, அப்பாவின் சிகரெட் எதுவுமே ஆகாது. உரை மருந்து, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால்: வாய்க்குள் போகும் எதுவும் தாய்ப்பாலும் டாக்டர் கொடுத்த மருந்தும் தவிர வேறில்லை. தொக்கம் எடுக்கிறேன் என்று யாரையும் குழந்தையின் வாயில் கை வைக்க விடாதீர்கள். குளியலுக்கு அவசரமே இல்லை, எடை ஏறும் வரை வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும்.

தூளி விஷயத்தில்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. புடவைத் தூளியில் குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சில் இடிக்கும். கழுத்து பலமில்லாத குறைமாதக் குழந்தைக்கு அந்த நிலையில் மூச்சுக் குழாய் மடங்கலாம், முகமும் வெளியே தெரியாது. கெட்டியான சமதளப் படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாகப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. என்.ஐ.சி.யூ.வில் குப்புறப் போட்டிருந்தார்களே என்று கேட்பீர்கள். அங்கே மானிட்டர் இருந்தது.

வருகிறவர்களைத் தடுக்க வெட்கப்படாதீர்கள். கை கழுவாமல் தொடக் கூடாது, சளி இருப்பவர் அறைக்குள் வரக் கூடாது, யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது. "டாக்டர் சொல்லியிருக்காங்க" என்ற ஒரு வாக்கியம் எல்லாச் சங்கடத்தையும் தீர்க்கும்.

எப்போது ஓட வேண்டும்

குறைமாதக் குழந்தைகள் ஐந்து பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு வேகமாக நாலைந்து மூச்சு விடுவார்கள். நிறம் மாறாமல் இருந்தால் இது இயல்பு. கீழே உள்ளவை இயல்பு அல்ல. எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை நேராகக் கிளம்புங்கள்:

- 20 விநாடிக்கு மேல் மூச்சு நிற்பது, உதடும் நாக்கும் நீலமாவது
- நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல்
- தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்காதது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது
- 37.5 டிகிரிக்கு மேல் சூடு, அல்லது கங்காரு முறையில் வைத்தும் ஏறாத சில்லிப்பு
- பச்சை நிற வாந்தி, வயிறு உப்புவது, மலத்தில் ரத்தம்
- வலிப்பு, உச்சிக்குழி புடைத்து நிற்பது
- உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள்

இன்னொன்றும் உண்டு. குறைமாத ஆண் குழந்தைகளுக்குக் குடலிறக்கம் அதிகம். அழும்போது தொடை இடுக்கில் அல்லது விதைப்பையில் வீக்கம் தெரிந்து பிறகு மறைந்தால், அந்த வாரத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை அழுகையை நிறுத்தாவிட்டால் அது அவசர ஆபரேஷன் விஷயம்.

தடுப்பூசியும் காதும்

தடுப்பூசிக்கு எடையோ திருத்திய வயதோ பார்ப்பதில்லை. குழந்தை நல்ல நிலையில் இருந்தால் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் முழு அளவு. என் மகளுக்கு ஏப்ரல் 12, மே 10, ஜூன் 7. அதாவது அவள் பிறந்திருக்க வேண்டிய நாளில் இரண்டாவது தவணையே போட்டாச்சு! பிறந்தவுடன் போடும் மஞ்சள் காமாலை பி ஊசி மட்டும், 2 கிலோவுக்குக் கீழே இருந்து தாய்க்கு அந்தத் தொற்று இல்லாவிட்டால், தள்ளிப் போட்டிருப்பார்கள். சம்மரியில் பாருங்கள்.

காதுக்கு பெரா என்ற பரிசோதனையைக் கேளுங்கள். ஓ.ஏ.இ. என்ற இன்னொரு பரிசோதனை உள்காதை மட்டும் சோதிக்கும். என்.ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்குக் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிலும் கோளாறு இருக்கலாம், அதை பெராதான் காட்டும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. "கதவு சாத்தினா திரும்பிப் பார்க்குது" என்பது சோதனை ஆகாது.

வளர்ச்சியைப் பார்ப்பது

திருத்திய வயதில் 3, 6, 9, 12, 18, 24 மாதங்களில் ஒரு முறை வளர்ச்சி பார்க்கும் டாக்டரிடம் போங்கள். குழந்தை நன்றாக இருக்கும்போதும் போக வேண்டும், இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன, 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ். கண், காது, பேச்சு, பிசியோதெரபி எல்லாம் இலவசம். வாசலில் வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

வீட்டில் கவனிக்க: திருத்திய 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும், 4 மாதத்தில் தலை நிற்க வேண்டும். 3 மாதம் தாண்டியும் கை எப்போதும் மூடியே இருந்தால், டயப்பர் மாற்றும்போது கால் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி பின்னினால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் காத்திருக்காதீர்கள். "எங்க பரம்பரையே லேட்டாத்தான் நடக்கும்" என்ற ஆறுதல் இங்கே செல்லாது. மூளை வளைந்து கொடுக்கும் வயது இது. பிசியோதெரபி முன்கூட்டி ஆரம்பித்தால் கிடைக்கிற பலன் பிறகு கிடைக்காது. உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வாங்க வேண்டாம். நிற்க ஆரம்பித்த பிறகு பழைய மர நடைவண்டி தாராளமாகத் தள்ளலாம்.

சோறு ஊட்டுவது திருத்திய ஆறு மாதத்தில், தலை நன்றாக நின்ற பிறகு. எங்களுக்கு நவம்பர் 10. எடை குறைவாக இருக்கிறதே, நாலு மாதத்தில் ஆரம்பித்தால் தேறுமே என்று எல்லோருக்கும் தோன்றும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த 403 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் எழுதினார்கள். திருத்திய நாலு மாதத்தில் ஆரம்பித்தவர்களுக்கு எடை கூடவில்லை, மருத்துவமனையில் சேர்வதுதான் அதிகமாக இருந்தது.

அம்மாவுக்கு

தூங்குங்கள் என்று சொல்வது சுலபம். நான் குழந்தை தூங்கும்போது அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் பயமும் விடாவிட்டால், குழந்தையைப் பார்த்தால் எதுவுமே தோன்றாவிட்டால், அது வைத்தியம் பார்க்க வேண்டிய உடல்நலக் குறைவுதான். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

மார்ச் 1 அன்று கேக் வெட்டும்போது "ஒரு வயசாச்சு, இன்னும் நடக்கலையா?" என்று ஐந்து பேராவது கேட்டார்கள். அவளுக்கு ஒன்பதரை மாதம்தான் ஆகிறது என்று சொல்லி அலுத்துப்போய், ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினேன். திருத்திய வயதுக் கணக்கை இரண்டு வயதோடு விட்டுவிடலாம். கண்ணை மட்டும் அதற்குப் பிறகும் வருடம் ஒரு முறை காட்டுகிறோம், குறைமாதக் குழந்தைகளுக்கு மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் அதிகம் என்பதால். அந்தத் தேதியும் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது.